அஞ்சு பத்துமணி, அஞ்சு வீடு: தூரத்துச் சொந்தங்களோடு ஜெபமும் சேதியும் பகிர ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் இன்னும் ஒரு கட்டு நீல ஏரோகிராம் இருக்கிறது. எல்லாம் கோத்தகிரியிலிருந்து சித்தப்பா எழுதியவை. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையின் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்று எழுதிக்கொண்டார்களே, அந்தக் கணக்கில் ஒருவராகத் தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர் அவர். ஒவ்வொரு கடிதத்தின் நெற்றியிலும் ஒரு சின்னச் சிலுவை. அதற்குக் கீழே 'சேசு மரி சூசை துணை'. அப்புறம் நலம், நலமறிய ஆவல். பிறகு ஒரே மூச்சில் மாடு கன்று போட்டது, மழை பிந்தியது, சின்னவளுக்கு முதல் நன்மை (முதல் நற்கருணை) கொடுத்தது, அம்மாவின் திதிக்குப் பூசைக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னது. சேதி எங்கே முடிகிறது, ஜெபம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கவே முடியாது.

இப்போது அந்த வேலையை வாட்ஸ்அப் செய்கிறது. காலையில் திறந்தால் ரோஜாப்பூவுக்கு மேல் ஒரு வேதவசனம். அதையே மத்தியானம் இன்னொருவர் அனுப்பியிருப்பார். பெரியத்தைக்கு ஆப்பரேஷன் நடந்தது மட்டும் மூன்று வாரம் கழித்துத்தான் தெரியவரும். வசனத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அதை அனுப்பியவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா என்றே தெரியாமல் 'ஆமென்' போட்டுக்கொண்டிருப்பதில் என்ன இருக்கிறது?

நாங்கள் இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம், தேயிலைத் தோட்டத்தில். சொந்தம் வத்தளை, குவைத், துபாய், இத்தாலி, கோத்தகிரி என்று சிதறிக் கிடக்கிறது. நாலு வருஷமாக முட்டி மோதி நாங்கள் கண்டுபிடித்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். தலைப்பில் இருக்கிற பத்துமணி கடிகார நேரமல்ல, ஜெபமாலையில் பத்து முறை 'அருள் நிறைந்த மரியே' சொல்கிற ஒரு பகுதி.

முதலில் ஒரு கொப்பி

போனைத் தொடுவதற்கு முன் கெட்டி அட்டை போட்ட ஒரு சீஆர் கொப்பி (நோட்டுப் புத்தகம்) வாங்குங்கள். வீட்டுக்கு ஒரு பக்கம். மேலே பெயர், ஊர், நம்பர். கீழே அந்த வீட்டில் இறந்தவர்களின் நாள், யார் யாருக்கு எந்தக் கோவிலில் எந்த வருஷம் ஞானஸ்நானம், ஞானத்தாய் ஞானத்தகப்பன் யார், எந்தப் புனிதருக்கு நேர்த்தி இருக்கிறது என்பவை. போனில் சேமித்தால் போதாதா என்று என் தம்பி கேட்டான். அந்தப் போன் பஸ்ஸில் தொலைந்த பிறகு கேட்கவில்லை.

ஞானஸ்நான விவரத்தைச் சும்மா எழுதச் சொல்லவில்லை. கோவிலில் கல்யாணம் என்றால், ஞானஸ்நானம் பெற்ற பங்குக் கோவிலிலிருந்து புதிதாக எடுத்த சான்றிதழைக் கேட்பார்கள். வழக்கமாக ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். உறுதிப்பூசுதல், கல்யாணம் எல்லாம் அந்தப் பங்குப் புத்தகத்தின் ஓரத்தில்தான் குறிக்கப்படும் என்பதால் பெட்டியில் இருக்கிற பழைய மஞ்சள் தாள் உதவாது. இத்தாலியில் இருக்கிற அக்கா மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தபோது, தோட்டத்துச் சின்னக் கோவிலில் பதிவுப் புத்தகத்தைத் தேடியே இரண்டு வாரத்தை விட்டோம். தண்ணீர் ஊற்றியது தோட்டத்துக் கோவிலில் என்றாலும் பதிவு டவுன் பங்குக் கோவிலில் இருந்தது. பதுளை, பண்டாரவளைப் பக்கத்துப் பெரியவர்களின் பழைய தாளில் 'கண்டி மறைமாவட்டம்' என்று இருந்தால் குழம்ப வேண்டாம். பதுளை தனி மறைமாவட்டமானது 1972 டிசம்பரில்தான். நீங்கள் தேட வேண்டியது கோவிலின் பெயரை.

யாருக்கு எதில் அனுப்புவது

எல்லோரையும் ஒரே குரூப்பில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கொப்பியில் ஒவ்வொரு வீட்டுக்கு எதிரிலும் எது சரிவரும் என்று எழுதுங்கள்.

எங்கள் அம்மாச்சிக்கு எழுத்து வராது. அவருக்குக் குரல் பதிவுதான். கோத்தகிரிச் சித்தப்பாவுக்கு இன்றைக்கும் கடிதம்தான் பிடிக்கும். மாதம் ஒன்று போடுகிறோம். துபாயில் வாட்ஸ்அப் அழைப்பு வழக்கமாக வேலை செய்யாது, ஆனால் குரல் பதிவும் எழுத்தும் போகும். அங்கே இருக்கிற மச்சானுக்கு ஜெபத்தைப் பதிந்து அனுப்புகிறோம், அவர் தன் பங்கைப் பதிந்து அனுப்புகிறார். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், சிக்னல் இல்லாதவர்களுக்கு, மேட்டுப் பைப்படிக்கு எத்தனை மணிக்கு வருவார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் எங்கள் டிவிசனில் (பிரிவில்) பாதிப்பேர் அங்கே நின்றுதான் உலகத்தோடு பேசுகிறார்கள்.

மத்திய கிழக்கில் வீட்டுவேலைக்குப் போன பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். போன் எந்த நேரம் கையில் இருக்கும், யார் பார்ப்பார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். சவூதியில் தேவாலயமே கிடையாது, வேறு மத வழிபாட்டைப் பொதுவில் நடத்த முடியாது. குவைத், கத்தார், அமீரகத்தில் கோவில்கள் இருக்கின்றன. ஆனால் அங்கேயும் லீவு கொடுத்தால்தானே போவது? 'ஞாயிறு பூசைக்குப் போனாயா?' என்று அந்தப் பிள்ளையிடம் கேட்கவே கேட்காதீர்கள். போக முடியாதவர்மேல் கடமை இல்லை என்று பாதர் எங்களுக்கு விளக்கிச் சொன்னார். அதையே குரலில் பதிந்து வாங்கி அனுப்பினோம். குவைத்தில் வேலை செய்கிற தங்கச்சி அன்றைக்கு அழுதாள்.

சனிக்கிழமை ஜெபமாலை

இதுதான் எங்கள் குடும்பத்தைக் கட்டி வைத்திருக்கிறது, ஆகவே விரிவாகவே சொல்கிறேன்.

நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். எங்களுக்குச் சனி இரவு 8 மணி. அப்போது கோத்தகிரியிலும் 8, துபாயில் 6.30, குவைத்தில் 5.30, இத்தாலியில் குளிர்காலத்தில் 3.30, கோடையில் 4.30. கனடாவில் ஆள் இருந்தால் டொரொன்டோவில் அப்போது காலை 9.30 அல்லது 10.30. ஐரோப்பாவும் கனடாவும் வருஷத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை மாற்றும், நாம் மாற்றுவதில்லை. ஐரோப்பாவுக்கு மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும், கனடாவுக்கு மார்ச் இரண்டாம் ஞாயிறுக்கும் நவம்பர் முதல் ஞாயிறுக்கும் ஒருமுறை ஞாபகப்படுத்திவிடுங்கள். வாட்ஸ்அப் குரூப் அழைப்பில் 32 பேர் வரை சேரலாம். அதற்கு மேல் சொந்தம் இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர்.

முதல் வாரம் எல்லோரும் சேர்ந்து சத்தமாகச் சொன்னோம். கூத்தாகிப் போனது. சத்தம் ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு வேகத்தில் போகிறது. நாங்கள் 'ஆமென்' சொல்லும்போது குவைத் 'பாவிகளாய் இருக்கிற எங்களுக்காக' என்று வந்துகொண்டிருந்தது, இத்தாலி இன்னும் 'அருள் நிறைந்த' என்பதில் நின்றது. போதாததற்கு அம்மாச்சி பழைய பாடத்தில் 'அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே' என்று போக, பிள்ளைகள் 'தூய மரியே' என்று போக, நடுவில் யாரோ வீட்டுக் குக்கர் விசில். சின்னவன் சிரித்தான். அவனைத் திட்டினதில் மூன்றாம் பத்துமணி எது என்றே மறந்துபோனது.

இப்போது செய்வது இப்படி. ஐந்து பத்துமணி, ஐந்து வீடு. ஒரு வீடு ஒரு பத்துமணியை முழுதாக நடத்தும். அந்த வீட்டில் ஒருவர் ஜெபத்தின் முதல் பாதி, இன்னொருவர் மறுபாதி. மற்ற எல்லோரும் மைக்கை அடைத்துவிட்டு அவரவர் வீட்டில் சேர்ந்து சொல்ல வேண்டும். தனியாக இருப்பவருக்கு மறுபாதி சொல்ல இன்னொரு வீட்டிலிருந்து ஒருவரைப் பேசி வையுங்கள். எந்தப் பாடம் என்ற சண்டை வேண்டாம்: யார் நடத்துகிறாரோ அவர் பாடம். அம்மாச்சியின் வாயிலிருந்து அந்தப் பழைய தமிழ் வருவதைக் கேட்க இத்தாலிப் பிள்ளைகளுக்கு இப்போது ஆசை.

ஒவ்வொரு பத்துமணியிலும் இயேசு, மரியாள் வாழ்க்கையின் ஒரு நிகழ்ச்சியைத் தியானிப்போம், அதுதான் மறையுண்மை. சனிக்கிழமைக்கு மகிழ்ச்சி மறையுண்மைகள், பெரியவர்கள் பாஷையில் சந்தோஷ தேவ இரகசியங்கள். திங்களுக்கும் அதுவே. செவ்வாய், வெள்ளி துயரம், புதன், ஞாயிறு மகிமை, வியாழன் ஒளி. ஒளியின் மறையுண்மைகளை இரண்டாம் ஜான் பால் 2002இல்தான் சேர்த்தார். அம்மாச்சி அதை இன்னும் 'புதுசு' என்றுதான் சொல்கிறார்.

இனி முக்கியமான இடம். ஒவ்வொரு பத்துமணிக்கும் முன்னால் புத்தகத்திலிருந்து நீளமான தியானம் வாசிக்காதீர்கள். அந்த வீட்டுச் சேதியை இரண்டு மூன்று வரியில் சொல்லுங்கள். 'மரியாள் எலிசபெத்தம்மாளைச் சந்தித்தது. எங்கள் வீட்டில் மருமகளுக்கு ஏழாம் மாதம், அடுத்த வியாழன் டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிளினிக். அவளுக்காக இந்தப் பத்துமணி.' அவ்வளவுதான். கேட்பவருக்குச் சேதியும் போய்விட்டது, ஜெபத்துக்கு ஒரு முகமும் கிடைத்துவிட்டது. 'உலக சமாதானத்துக்காக' என்று யாராவது ஆரம்பித்தால் நான் மெதுவாகக் கேட்பேன்: சரி, உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது?

முழுதும் 25 நிமிஷம். அதற்கு மேல் இழுத்தால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். முடிந்ததும் அழைப்பை வெட்டாமல் ஒரு பத்து நிமிஷம் விட்டுவையுங்கள். உண்மையான சேதிகள் அப்போதுதான் வரும்.

ஜெபம் கேட்பதும், பதில் சொல்வதும்

குரூப்பில் 'எல்லாரும் ஜெபம் பண்ணுங்க' என்று மட்டும் போட்டால் ஐந்து நாட்டில் ஐந்து பேர் தூக்கமில்லாமல் கிடப்பார்கள். யாருக்கு, என்ன, எப்போது என்ற மூன்றையும் எழுதுங்கள். 'தம்பி மகளுக்குத் திங்கள் முதல் ஓஎல் பரீட்சை, கணக்குப் பாடத்துக்குப் பயப்படுகிறாள்.' இப்படி எழுதினால் திங்கள் காலை ஞாபகம் வரும்.

கேட்பதைவிட அதிகமாக விட்டுப்போவது பதில். ஆப்பரேஷனுக்காக நாற்பது பேர் ஜெபிப்பார்கள், முடிந்தபிறகு அவர்களிடம் ஒருவரும் சொல்லமாட்டார்கள். கொப்பியின் பின்பக்கத்தில் இரண்டு பந்தி கீறுங்கள்: கேட்டது, நடந்தது. மாதக் கடைசியில் வாசித்துக் காட்டுங்கள். நினைத்தபடி நடக்காததையும் வாசிக்க வேண்டும். எங்கள் மாமா பிழைக்கவில்லை. அந்த வரியையும் வாசித்தோம், அன்றைக்கு யாரும் பத்து நிமிஷத்துக்கு அழைப்பை வெட்டவில்லை.

சொந்தச் சேதி யாருடையது?

நான் செய்த தப்பு ஒன்று. உறவில் ஒரு பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சு நடந்தது. ஜெபத்துக்காகத்தானே என்று நான் குரூப்பில் போட்டேன். பேச்சு முறிந்தது. அதன் பிறகு ஆளாளுக்கு அந்தப் பிள்ளையிடம் 'என்ன ஆச்சு?' என்று கேட்டுக் கேட்டே கொன்றுவிட்டார்கள். சித்தி என்னோடு ஏழு மாதம் பேசவில்லை. அவர் பக்கம்தான் நியாயம்.

ஆகவே நோய், கல்யாணப் பேச்சு, கடன், பிள்ளைப்பேறு, புருஷன் பெண்டாட்டிச் சங்கடம் - இந்த ஐந்தையும் சம்பந்தப்பட்டவர் சரி என்று சொல்லாமல் போடவே கூடாது. 'ஒருவருக்காக ஜெபியுங்கள்' என்று மொட்டையாகப் போடுவதும் வேண்டாம், உடனே துப்பறிய ஆரம்பித்துவிடுவார்கள். அவருக்காக நீங்கள் தனியாகச் சொல்லுங்கள், போதும். கோவிலில் மூன்று ஞாயிறு ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்கும் வரைக்கும் கல்யாணச் சேதி பெண்வீட்டு மாப்பிள்ளைவீட்டுச் சொத்து.

நல்ல சேதிக்கு இவ்வளவு கட்டுப்பாடு தேவையில்லை. ஞானஸ்நானம், முதல் நன்மை என்றால் படத்தோடு ஒரு நிமிஷக் குரலும் அனுப்புங்கள். ஞானத்தகப்பன் வெளிநாட்டில் இருந்து வர முடியாவிட்டால், அவருக்குப் பதிலாக இன்னொருவர் நிற்க வழியுண்டு. முன்கூட்டியே பங்குத்தந்தையிடம் கேளுங்கள். 16 வயது நிறைந்த, உறுதிப்பூசுதல் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்ற விதி அந்த ஞானத்தகப்பனுக்கு எப்படியும் பொருந்தவேண்டும். பாவசங்கீர்த்தனத்தைப் போனில் செய்யலாமா என்று ஒரு மச்சான் கேட்டார். முடியாது, நேரில்தான்.

சாவுச் சேதி

அப்பாயி போனது ஒரு புதன்கிழமை விடியற்காலை. குவைத்தில் இருந்த தங்கச்சிக்கு யார் சொல்வது என்று நாங்கள் வாசல் இஸ்தோப்பில் (திண்ணையில்) நின்று பேசிக்கொண்டிருந்தபோதே, சொந்தத்துப் பையன் ஒருவன் பெட்டியில் கிடத்திய படத்தை ஸ்டேட்டஸில் போட்டுவிட்டான். தங்கச்சி அதைப் பார்த்தது வேலைவீட்டுக் குசினியில், கையில் பாத்திரத்தோடு. அடுப்பை அணைக்கக்கூட முடியவில்லை என்றாள்.

அன்றிலிருந்து ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம். முதலில் பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் குரலில், தனித்தனியாக. தூரத்தில் தனியாக இருப்பவருக்குச் சொல்லும் முன், அவர் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு சிநேகிதியின் நம்பரைக் கொப்பியில் முன்பே எழுதி வைப்பது இதற்காகத்தான். எல்லோருக்கும் சொல்லி முடிந்தபிறகே குரூப்பில். அதில் பெயர், வயது, எந்த வீட்டில் உடல் இருக்கிறது, எந்தக் கோவிலில் எத்தனை மணிக்குப் பூசை, எந்த மயானம், எந்த டிவிசனுக்கு எந்தப் பாதையால் வரவேண்டும் என்று ஒரே செய்தியில் இருக்கட்டும். அடக்கத்தை நேரலையாகக் காட்டலாம், வீட்டார் சம்மதித்தால். முகத்தைப் பார்க்க முடியாதவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் ஒருவர் மட்டும் பிடிக்கட்டும், மற்றவர்கள் ஜெபிக்கட்டும்.

முப்பதாம் நாள் பூசைக்கும் வருஷத் திதிக்கும் தூரத்தில் இருப்பவர்கள் காணிக்கை அனுப்புவார்கள். பணம் வந்தது, பூசைக்கு எழுதியாயிற்று, இன்ன தேதி இன்ன நேரம் என்று சொல்லிவிடுங்கள். அவர்களும் அந்த நேரத்தில் அங்கே மெழுகுதிரி கொளுத்துவார்கள். நவம்பர் 2 மரித்த விசுவாசிகள் நாளில் தேயிலைக்கு நடுவில் இருக்கிற மயானத்தைப் புல்வெட்டி, கல்லறையைக் கழுவி, ஒரு படம் அனுப்புங்கள். நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குப் போய் இறந்தவர்களுக்காக ஜெபித்தால் இறந்தவர்களுக்குப் பரிபூரண பலன் (பாவத் தண்டனையிலிருந்து முழு விடுதலை) உண்டு என்று திருச்சபை சொல்கிறது. அதற்குப் பாவசங்கீர்த்தனம், நன்மை வாங்குவது போன்ற வழக்கமான நிபந்தனைகள் உண்டு.

எல்லோரும் கத்தோலிக்கர் இல்லையே

மலையகத்தில் எந்தக் குடும்பத்தை எடுத்தாலும் பாதி மாரியம்மன் கோவில், பாதி மாதா கெபி, ஒரு வீடு அல்லேலூயா சபை. எங்கள் அண்ணி திருமணத்துக்குப் பிறகும் சைவம்தான். அவரை ஜெபமாலைக்குக் கூப்பிடுவோம், வற்புறுத்தமாட்டோம். மூன்றாம் பத்துமணிக்கு முன் தன் வீட்டுச் சேதியை அவரே சொல்கிறார், ஜெபத்தை அண்ணன் நடத்துகிறார். அவர்கள் தோட்டத்துத் திருவிழாப் படம் வந்தால் நாங்கள் பார்த்து மகிழ்கிறோம், அவ்வளவுதான். சபைக்குப் போன பெரியப்பா மகனுக்கு ஜெபமாலை ஒத்துவரவில்லை. அவர் வருகிற வாரங்களில் திருப்பாடல் 121 வாசித்து, கர்த்தர் கற்பித்த ஜெபம் சொல்கிறோம். 'மலைகளை நோக்கி என் கண்களை உயர்த்துகின்றேன்' என்று தொடங்குகிற பாட்டை மலையில் இருந்துகொண்டு யார் வேண்டாம் என்பார்கள்?

குரூப்பில் அடுத்த மதத்தையோ சபையையோ இழிவாகப் பேசுகிற வீடியோ வந்தால் அழித்துவிடுங்கள், அனுப்பியவரிடம் தனியாகப் பேசுங்கள்.

ஃபார்வர்டுக்குப் பதிலாக என்ன அனுப்புவது என்றால், நம் மண்ணில் நடந்தது எவ்வளவோ இருக்கிறது. புனித யோசேவ் வாஸ் 1651இல் கோவாவில் பிறந்து, 1687இல் இலங்கைக்கு வந்து, தமிழும் சிங்களமும் படித்து, ஒல்லாந்தர் காலத்தில் குருவில்லாமல் கிடந்த கத்தோலிக்கக் குடும்பங்களை மாறுவேடத்தில் தேடித்தேடிப் போனவர். கண்டியில் ஒற்றன் என்று பிடித்துச் சிறையில் வைத்தார்கள். 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14இல் காலிமுகத் திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக்கினார். ஜனவரி 16 வரும்போது இதை அம்மாச்சி தன் குரலில் இரண்டு நிமிஷம் சொன்னால் நூறு ரோஜாப்பூவுக்குச் சமம்.

மழையும் மண்சரிவும்

மீரியபெத்தைத் தோட்டத்தை 2014 அக்டோபர் 29இல் மண் மூடியபோது வெளிநாட்டில் இருந்தவர்கள் எந்தத் தோட்டம், எந்த லயம் என்று தெரியாமல் துடித்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போதும் அதே கதி. அப்படியான நாளில் ஒரு வீட்டுக்கு ஒருவர் மட்டும் பேச வேண்டும். 'நாங்கள் ஏழு பேரும் பாடசாலையில் இருக்கிறோம், நேரம் மாலை 4' என்று எண்ணிக்கையும் நேரமும் போடுங்கள். எங்கேயோ எடுத்த மண்சரிவு வீடியோவை அனுப்பாதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 எல்லோர் வீட்டுச் சுவரிலும் எழுதியிருக்கட்டும். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு அரசாங்கம் வாட்ஸ்அப்பையும் பேஸ்புக்கையும் சில நாள் நிறுத்தி வைத்தது. அதனால் சாதாரண அழைப்புக்கு எந்த நம்பர் என்பதும் கொப்பியில் இருக்க வேண்டும்.

குரலைச் சேமித்து வையுங்கள்

கடைசி வேலை. இதைத் தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் மூத்தவரை உட்காரவைத்து, அவருக்குத் தெரிந்த பழைய ஜெபங்களையும் தவக்காலத்து ஒப்பாரிப் பாட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பதியுங்கள். ஒரு பதிவு மூன்று நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். கோப்புக்குப் பெயர், தேதி, தோட்டம் மூன்றையும் போட்டு, இரண்டு வீட்டில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் விட்டால் போன் மாறும்போது காணாமல் போகும்.

அம்மாச்சியைப் பதிந்த அன்று, நடுவில் நிறுத்தி, 'இது சித்தப்பனுக்கும் போகுமா?' என்று கேட்டார். போகும் என்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து திரும்பத் தொடங்கினார்.